‘சாதியை எடுத்துட்டா நல்ல கதை, தம்பி!’

கந்தர்வக்கோட்டையிலும் கறம்பக்குடியிலும் பொன்னமராவதியிலும் கையில் ஒரு சினிமாக் கதையோடு இருக்கும் இளைஞர்கள் இன்று பலர். கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடுகிறவர்கள், பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவர்கள், திருப்பூர் பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்துவிட்டு ராத்திரி செல்போனில் எழுதுகிறவர்கள். இவர்களில் கணிசமானவர்கள் காலனித் தெருக்களிலிருந்து வருகிறவர்கள். கதை இருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை. அலைந்து திரிந்து யாராவது ஒருவர் கிடைத்து, அவரும் பொறுமையாகக் கேட்டு முடித்தால், பெரும்பாலும் முதலில் வரும் கருத்து இதுதான்: “கதை நல்லாருக்கு தம்பி. சாதியை மட்டும் எடுத்துட்டா எல்லாருக்குமான கதையாயிடும்.”

நம் ஆட்களிடம் போனால் வேறொரு கருத்து கிடைக்கிறது. “நம்ம பையன் கடைசியில நாலு பேரைத் தூக்கிப் போட்டு மிதிக்கணும். வீட்டுச் சுவத்துல அண்ணல் படம் இருக்கணும். அப்பதான் தியேட்டர்ல விசில் பறக்கும்.”

முதல் கருத்து பயத்தில் வருவது. இரண்டாவது ஆசையில் வருவது. இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. கதை கொண்டுவந்த பிள்ளை என்ன சொல்ல வந்தது என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. ஒருவர் கதையிலிருந்து எதை எடுக்கலாம் என்று பார்த்தார், மற்றவர் எதைச் சேர்க்கலாம் என்று பார்த்தார். பிள்ளை வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்பியது.

சினிமா ஆசையை வளர்த்துவிடுவதா என்று சில பெற்றோர் நினைக்கலாம். நம் வாழ்க்கையை யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்பது நம் வீட்டுப் பிரச்சினை. அது சென்னையில் ஒரு கதை விவாத அறையில் முடிவாவதற்கு முன், நம் ஊர்ப் படிப்பகத்தில் ஒரு கேள்வியாக எழ வேண்டும். அதற்கு, கதை எழுதக் கற்றுக்கொள்வதைப் போலவே, கதையைக் கேட்டுக் கருத்துச் சொல்லவும் நாம் கற்றுக்கொண்டாக வேண்டும்.

கருத்து கதையின் முகத்தை மாற்றும்

தமிழ் சினிமாவில் கதை ஒருவர் கையில் இருந்து அப்படியே திரைக்குப் போவதில்லை. நண்பர்கள், உதவி இயக்குநர்கள், இயக்குநர், தயாரிப்பாளர், நாயக நடிகர் என்று வழியில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒரு கருத்துச் சொல்வார்கள். ஒவ்வொரு கருத்துக்கும் கதை கொஞ்சம் நகரும்.

பூமணியின் ‘வெக்கை’ நாவல் 1982இல் வந்தது. அதன் நடுவில் நிற்பவன் சிதம்பரம் என்ற சிறுவன். கொலை நடந்த இடத்திலிருந்தே நாவல் தொடங்கிவிடும். காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரியும் அந்தப் பையனின் கண் வழியாகத்தான் நாம் எல்லாவற்றையும் பார்க்கிறோம். 2019இல் அது ‘அசுரன்’ ஆனபோது தந்தை நாயகன் ஆனார், அவருக்கு ஒரு முன்கதை வந்தது, பஞ்சமி நிலம் வந்தது, குடிசை எரிப்பு வந்தது. படம் லட்சக்கணக்கானவர்களிடம் போய்ச் சேர்ந்தது, தேசிய விருதும் பெற்றது. பஞ்சமி நிலம் என்ற சொல்லையே அந்தப் படத்தில்தான் முதன்முதலாகக் கேட்டவர்களும் இருப்பார்கள். அது லாபம். நாவலில் பையனுக்கு இருந்த இடம் சுருங்கியது. அது விலை. இந்த மாற்றம் சரியா தவறா என்று மாணவர்கள் விவாதிக்கட்டும். கதையின் மையம் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்பதைக் கண்டுபிடிக்கத் தெரிவதுதான் கருத்துச் சொல்கிறவரின் முதல் தகுதி. நாவலையும் படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதைவிட நல்ல பயிற்சி அதற்கு இல்லை.

நந்தன் கதைக்கு வந்த கருத்து

நம்மைப் பற்றிய கதைக்கு மற்றவர் கருத்துச் சொல்வது சினிமாவோடு தொடங்கியதல்ல. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை எழுதினார். பெரியபுராணத்தில் இல்லாத ஒரு பிராமணப் பண்ணையாரை அவர் கதைக்குள் கொண்டுவந்தார். சிதம்பரம் போக அனுமதி கேட்டு ஒரு பண்ணையாள் எத்தனை முறை கைகட்டி நிற்க வேண்டும் என்பது அதனால்தான் கதையானது. அந்த நூலுக்குப் பாராட்டுப் பாடல் கேட்டு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனார். பிள்ளையவர்கள் உடனே கொடுக்கவில்லை. நூலில் இலக்கணப் பிழைகள் இருப்பது அவருக்கு உறுத்தியது. பாரதியார் பலமுறை போய்க் காத்திருந்தார். ஒருநாள் அவர் பாடியதைக் கேட்டபின்தான் பிள்ளையவர்கள் மனம் இளகிப் பாடல் கொடுத்தார் என்று உ.வே.சாமிநாதையர் எழுதியிருக்கிறார்.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. கருத்துச் சொல்கிறவர் எழுத்துப் பிழையில் நின்றுவிட்டால் கதையைத் தவறவிடுவார். நம் பிள்ளைகள் பேச்சு வழக்கில், ஒற்றுப் பிழையோடுதான் எழுதிக்கொண்டு வருவார்கள். பிழையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம், முதலில் கதையைக் கேளுங்கள். இன்னொன்று, அந்த நந்தன் கதையை எழுதியவரும் கருத்துச் சொன்னவரும் சேரியிலிருந்து வந்தவர்கள் இல்லை. 1935இலும் 1942இலும் அது சினிமாவாகவும் வந்தது. யார் சொன்னாலும் நந்தன் கடைசியில் நெருப்பில் இறங்கித்தான் தில்லைக்குள் நுழைய வேண்டியிருந்தது. ‘அவன் ஏன் இறங்க வேண்டும்?’ என்று கேட்கக்கூடிய ஓர் ஆள் அந்தக் கதை விவாதத்தில் உட்கார்ந்திருந்தால் முடிவு எப்படி இருந்திருக்கும்? இன்று அந்த ஆளாக உட்காரும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது.

ஒரு பஸ், ஒரு சுவர், ஒரு நாய்

கதையோடு வரும் தம்பிகளிடம் ‘உன் கதை எதைப் பற்றி?’ என்று கேட்டால், ‘சாதிக் கொடுமையைப் பற்றி’ என்று பதில் வரும். அது கதை இல்லை, தலைப்பு. கருத்துச் சொல்கிறவர் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி: ‘உன் ஆளுக்கு என்ன வேண்டும்?’

‘கர்ணன்’ (2021) படத்தில் அந்த ஊருக்கு வேண்டியது பஸ் நிற்பது. அவ்வளவுதான். கர்ப்பிணித் தாய் காத்து நிற்கிறாள், பஸ் நிற்காமல் போகிறது, பையன் கல்லை எடுக்கிறான். சாதி அங்கே பிரசங்கமாக வரவில்லை, நிற்காத பஸ்ஸாக வந்தது. ‘மெட்ராஸ்’ (2014) படத்தில் ஒரு சுவர். ‘வாழை’ (2024) படத்தில் வாழைத்தார் சுமக்கப் போகாமல் பள்ளிக்கூடத்தில் இருக்க ஆசைப்படும் ஒரு சிறுவன். ‘பரியேறும் பெருமாள்’ (2018) படத்தில் பரியனுக்கு வேண்டியது சட்டம் படிப்பது. காதல் அவனாகத் தேடிப் போனதல்ல. படிக்கவிடாமல் செய்ய அதைக் காரணமாக்கிக்கொள்கிறார்கள்.

இப்போது ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். அந்தப் ‘பரியேறும் பெருமாள்’ கதை, எழுதியவர் பெயர் தெரியாத ஒருவரின் கதையாக நம்மிடம் வருகிறது. நம்மில் எத்தனை பேர், ‘ஆரம்பத்தில் அந்த நாய் எதுக்கு தம்பி? நேரா காலேஜுக்கு வா’ என்று சொல்லியிருப்போம்? ‘அப்பாவைப் பெண் வேடம் கட்டும் கூத்துக் கலைஞரா வெச்சா ஹீரோவுக்குக் கௌரவம் இருக்காது’ என்றிருப்போம்? ‘கடைசியில் அந்தப் பெண்ணின் அப்பாவை வெட்டணும், ரெண்டு டீ கிளாஸைக் காட்டி முடிச்சா யார் ஒத்துக்குவா?’ என்றிருப்போம்? கருப்பி இல்லாமல், அப்பா இல்லாமல், அந்த டீ கிளாஸ்கள் இல்லாமல் அந்தப் படம் என்னவாக இருந்திருக்கும்! மாரி செல்வராஜ் பல ஆண்டுகள் இயக்குநர் ராமிடம் உதவியாளராக இருந்தார். சிறுகதை எழுதினார், வாரப் பத்திரிகையில் தொடர் எழுதினார். அதற்குப் பிறகுதான் முதல் படம். ‘இதை முதலில் சிறுகதையாக எழுதிப் பார்’ என்பதும் நல்ல கருத்துதான். அதைக் கேட்டுப் பிள்ளைகள் முகம் வாட வேண்டியதில்லை.

மதுரைப் பக்கத்துக்காரரான பி.எஸ். வினோத்ராஜ் பூ மார்க்கெட்டிலும் திருப்பூர் பனியன் கம்பெனியிலும் வேலை பார்த்தவர். கணவன் வீட்டிலிருந்து அனுப்பப்பட்ட தன் சகோதரி கைக்குழந்தையோடு நடந்தே ஊர் வந்து சேர்ந்த வேதனையிலிருந்துதான் ‘கூழாங்கல்’ படத்தின் கதை பிறந்தது. ஆனால் படத்தில் வெயிலில் நடப்பவர்கள் ஒரு குடிகாரத் தகப்பனும் அவன் மகனும். நடந்ததை அப்படியே எழுதாமல், அந்த நடையை யார் நடக்க வேண்டும் என்று மாற்றி யோசித்தார். 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் புலி விருது அந்தப் படத்துக்குக் கிடைத்தது. ‘இது நிஜமாவே நடந்தது அண்ணே’ என்று சொல்லும் தம்பிகளுக்கு இந்தப் படத்தைக் காட்டலாம். நடந்தது என்பதால் மட்டும் ஒன்று கதை ஆகிவிடாது. அதற்காக நடந்ததை மறைக்கவும் வேண்டியதில்லை.

ஒரு கேள்வி என்ன செய்யும்?

நம் மாவட்டத்திலிருந்தே ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கை வந்து, ‘என் அப்பாயி அறிவொளி இயக்கக் காலத்தில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார். அதைப் படமாக எழுத ஆசை’ என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகியது நாடறிந்த செய்தி. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், அறிவொளி இயக்கத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பழகினார்கள். முன் பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. கல்லுடைக்கும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரிகளையே குத்தகைக்கு எடுத்த காலம் அது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதையெல்லாம் எழுதி உலகறியச் செய்தார்.

தங்கையின் கதையைக் கேட்ட ஒருவர், ‘அப்பாயிக்கு ஒரு லவ் வை’ என்கிறார். இன்னொருவர், ‘சைக்கிள் ரேஸ்ல ஜெயிக்கிற மாதிரி முடி’ என்கிறார். மூன்றாமவர், ‘சூப்பர்மா, கலக்கிட்ட’ என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறார். மூன்று பேராலும் அவளுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

நான்காவதாக ஒருவர் கேட்கிறார்: ‘அந்த சைக்கிள் யாருடையது, சொந்தமா, வாடகையா? எந்த நேரத்தில் பழகினார்? அப்பா வழித் தாத்தா என்ன சொன்னார்? எந்தத் தெருவில் அப்பாயி சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்?’

அந்தக் கடைசிக் கேள்வியில் தங்கை நின்றுவிடுவாள். அவளுக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய் அப்பாயியிடம் கேட்பாள். ஊர்த் தெருவில் நம் ஆட்கள் சைக்கிளில் உட்கார்ந்து போகக் கூடாது என்ற கட்டுப்பாடு தமிழ்நாட்டில் பல ஊர்களில் இருந்ததுதான். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்வது பெண்ணுக்கு ஒரு விடுதலை. ஓட்டத் தெரிந்தபின் எந்தத் தெருவில் ஓட்டலாம் என்பது அடுத்த போராட்டம். அப்பாயி ஊர்த் தெருவில் இறங்கித் தள்ளினாரா, ஒருநாள் இறங்காமல் போனாரா, அன்றைக்கு என்ன நடந்தது? படம் அங்கேதான் இருக்கிறது. கேள்வி கேட்டவர் ஒரு காட்சியைக்கூடச் சேர்க்கவில்லை. தங்கையை அவள் கதைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டார். கருத்துச் சொல்வது என்றால் இதுதான்.

வேங்கைவயலை எழுத நினைப்பவர்களுக்கு

நம் மாவட்டத்துப் பிள்ளைகளில் சினிமாக் கதை எழுத நினைப்பவர்கள் ஒரு கட்டத்தில் வேங்கைவயலிடம்தான் வந்து நிற்பார்கள். 2022 டிசம்பர் இறுதியில், நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டது தெரியவந்தது. விசாரிக்கப் போன அன்றைய ஆட்சியர் கவிதா ராமு, டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்ததைக் கண்டார். அய்யனார் கோயிலுக்குள் மக்களை அழைத்துச் சென்றார். 2023 ஜனவரியில் வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. டி.என்.ஏ. பரிசோதனைக்கு வேங்கைவயல் மக்களிடமும் ரத்த மாதிரி எடுத்தார்கள். 2025 ஜனவரியில், பாதிக்கப்பட்ட தரப்பைச் சேர்ந்த மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டது. அந்த மக்களும் பல கட்சிகளும் இயக்கங்களும் அதை ஏற்க மறுத்து சி.பி.ஐ. விசாரணை கேட்டன.

இதைக் கதையாகக் கொண்டுவரும் தம்பிக்கு என்ன கருத்துச் சொல்வது? ‘யார் செய்தது என்று கண்டுபிடிக்கும் த்ரில்லரா எழுது’ என்பது எளிது. ஆனால் யார் குற்றவாளி என்று கதைக்குள் தீர்ப்பு எழுதுவது நம் வேலை அல்ல, அது நீதிமன்றத்தின் வேலை. நிஜ மனிதர்கள் வழக்கில் நிற்கும்போது அவர்களை அடையாளம் தெரியும்படி எழுதினால், அந்தக் கதையே நாளை அவர்களுக்கு எதிராகப் பேசும்.

கழிவைக் காட்டி அதிர்ச்சி கொடுப்பதும் வேண்டாம். அந்த மக்கள் ஏற்கனவே பட்ட அவமானத்தை இரண்டாம் முறை பெரிய திரையில் அனுபவிக்கத் தேவையில்லை. தண்ணீர்த் தொட்டி என்றால் அதற்கு ஒரு டேங்க் ஆபரேட்டர் உண்டு, திறந்துவிடும் நேரம் உண்டு, குழாயடி உண்டு, குடத்தோடு நிற்கும் பெண்கள் உண்டு. குழந்தைக்கு முதலில் காய்ச்சல் வந்தபோது வீட்டில் என்ன பேசியிருப்பார்கள்? அடுத்த நாள் லாரித் தண்ணீரைக் குடிக்கக் கொடுக்கும்போது அம்மாவின் கை என்ன செய்திருக்கும்? ‘நீதான் செஞ்சே’ என்று தன்னையே கை காட்டும்போது ஒரு மனிதன் ராத்திரி எப்படித் தூங்குவான்? இவற்றை எழுத முடிந்தால் எழுது, முடியாவிட்டால் கொஞ்சம் காத்திரு என்று சொல்வதும் கருத்துதான்.

நிஜத்தைக் கதையாக்கும்போது இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, விவரம். ‘கர்ணன்’ வெளியானபோது கதை நடக்கும் ஆண்டைப் பற்றிச் சர்ச்சை எழுந்தது. கொடியன்குளம் சம்பவம் 1995இல் நடந்தது, படத்தில் 1997 என்று போட்டதால் அப்போது யார் ஆட்சி என்ற கேள்வி வந்து, பிறகு அதை மாற்றினார்கள். ஆண்டு, அலுவலகம், சட்டப் பிரிவு எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு, உரிமை. ‘ஜெய் பீம்’ (2021) ராஜாகண்ணு காவல் மரணத்தை நாடு முழுக்கப் பேசவைத்தது. நீதியரசர் கே. சந்துரு வழக்கறிஞராக நடத்திய 1993ஆம் ஆண்டு வழக்கு அது. அதே நேரத்தில், ராஜாகண்ணு குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர், படத்தில் இருளராக மாற்றிவிட்டார்களே என்ற விமர்சனமும் வந்தது. அவருடைய மனைவி வறுமையில் இருப்பது படம் வந்தபின்தான் பெரிய செய்தியானது, உதவிகளும் அதன்பின்தான் அறிவிக்கப்பட்டன. யாருடைய வலியைக் கதையாக்குகிறோமோ அவரிடம் முதலில் கேட்க வேண்டும், அவர் சாதியை, பெயரை, இழப்பை நம் வசதிக்கு மாற்றக் கூடாது, வருமானம் வந்தால் அவருக்கும் பங்கு உண்டு. இதைக் கதை கொண்டுவரும் தம்பியிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

‘சென்சார் விடாது’

கருத்து என்ற பெயரில் வரும் பயமுறுத்தல்களில் இது முக்கியமானது. இந்தியாவில் எழுதும் கதைக்கு யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி, எடுத்து முடித்த படத்துக்குத்தான் தணிக்கை. எழுதும்போதே மனசுக்குள் ஒரு சென்சார் அதிகாரியை உட்கார வைத்துக்கொண்டால் பேனா நகராது.

இதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு தீர்ப்பு உண்டு. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்று ஒரு தமிழ்ப் படம் வந்தது. சாதி அடிப்படை இடஒதுக்கீட்டை எதிர்க்கும் படம் அது. எதிர்ப்பு எழுந்தது, உயர் நீதிமன்றம் சான்றிதழை ரத்து செய்தது. 1989இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. போராட்டம் வரும், கலவரம் வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துச் சுதந்திரத்தை முடக்க முடியாது, ஒழுங்கைக் காப்பது அரசின் கடமை என்றது. நமக்கு எதிராகப் பேசிய படத்துக்குக் கிடைத்த அந்தத் தீர்ப்பு இன்று நம் பிள்ளைகளின் கதைகளுக்கும் கவசம். ‘பிரச்சினை வரும்’ என்று யாராவது சொன்னால், பிரச்சினை செய்கிறவனைப் பார்த்துச் சொல்ல வேண்டியதைக் கதை எழுதுகிறவனிடம் ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்கலாம்.

‘கதையைச் சொன்னா திருடிடுவாங்க’

இந்தப் பயம் நியாயமானது. ஆனால் பயத்தில் கதையை யாரிடமும் சொல்லாமல் பெட்டியில் பூட்டி வைத்தால் அது வளராது. சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போகும். 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: கருவுக்குக் காப்புரிமை கிடையாது, அதை எழுதிய விதத்துக்குத்தான் உண்டு. ஆகவே வாயால் சொல்லும் ஒன்லைனுக்குப் பாதுகாப்புக் குறைவு. காட்சி காட்சியாக எழுதி வைத்த கதைக்குப் பாதுகாப்பு அதிகம். அதைத் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்யும் வழியும் இருக்கிறது.

பதிவு எதற்கு என்பதை ‘சர்கார்’ விவகாரம் காட்டியது. வருண் ராஜேந்திரன் என்ற உதவி இயக்குநர் தன் ‘செங்கோல்’ கதையை 2007இல் பதிவு செய்திருந்தார். 2018இல் ‘சர்கார்’ வரும்போது புகார் கொடுத்தார். கே. பாக்யராஜ் தலைமையில் இருந்த எழுத்தாளர் சங்கம் இரண்டுக்கும் ஒற்றுமை இருப்பதாகச் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரசமாகி, படத்தில் அவருக்கு அங்கீகாரம் தர ஒப்புக்கொண்டார்கள். 11 ஆண்டுக்கு முன் பதிவு செய்த ஒரு தாள் அவருக்கு உதவியது. கருத்துச் சொல்கிற அண்ணன்மார் முதலில் சொல்ல வேண்டியதும் இதைத்தான்: ‘எழுதிட்டியா? தேதி போட்டியா? பதிவு பண்ணிட்டு வா, கேட்கிறேன்.’

கேட்கிறவர்களுக்குச் சில வரிகள்

கதையை நடுவில் நிறுத்தாமல் கடைசிவரை கேளுங்கள். செல்போனைக் கவிழ்த்து வையுங்கள். முடிந்ததும், நீங்கள் புரிந்துகொண்ட கதையை உங்கள் வாயால் திருப்பிச் சொல்லுங்கள். அவர் நினைத்ததும் நீங்கள் சொன்னதும் எங்கே வேறுபடுகிறதோ அங்கே ஓட்டை இருக்கிறது. எந்த இடத்தில் உங்களுக்குக் கொட்டாவி வந்தது என்பதைக் கூசாமல் சொல்லுங்கள். ‘சூப்பர்’ என்ற சொல் கேட்கிறவருக்கு இனிக்கும், எழுதுகிறவருக்கு உதவாது.

உங்கள் காட்சியை அவர் கதையில் திணிக்காதீர்கள். உங்களிடம் நல்ல காட்சி இருந்தால் நீங்களே ஒரு கதை எழுதுங்கள். கதையில் வரும் பெண் எப்போது வருகிறாள், எதற்கு வருகிறாள் என்று கட்டாயம் கேளுங்கள். நம் பிள்ளைகள் எழுதும் கதைகளிலும் சேரிப் பெண் பலாத்காரம் செய்யப்படவும் அண்ணன் அதற்குப் பழிவாங்கவும் மட்டுமே வந்து போவதுண்டு. நூறு நாள் வேலைத்தளத்தில் கணக்குக் கேட்கும், பள்ளிக்கூடத்தில் மகனுக்கு டி.சி. வாங்கச் சண்டை போடும் பெண்கள் எங்கே? பெண் பாத்திரத்தைப் பற்றிப் பெண்களிடம் கருத்துக் கேட்கச் சொல்லுங்கள், அவர்களைக் கூட்டத்தில் உட்கார வையுங்கள். நம் ஆட்களிடம் உள்ள குறையைக் கதை பேசினால் உடனே ‘இது நம்மளை அசிங்கப்படுத்துது’ என்று பாயாதீர்கள். குடி, வட்டி, உட்சாதிப் பாகுபாடு எல்லாம் நம் தெருவிலும் இருக்கிறது. அதை நம் பிள்ளை எழுதாவிட்டால், அக்கறை இல்லாத வேறொருவர் எழுதுவார்.

சென்னையில் பா. ரஞ்சித் தொடங்கிய கூகை திரைப்பட இயக்கம் உதவி இயக்குநர்கள் படிக்கவும் பேசவும் ஒரு நூலகத்தை ஏற்படுத்திக் கொடுத்தது. ‘பரியேறும் பெருமாள்’ அவருடைய நீலம் நிறுவனத்தின் முதல் படம். வழி காட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் சென்னை நமக்கு 400 கி.மீ. தூரம். அறை வாடகை கட்ட முடியாமல் திரும்பிய பிள்ளைகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். முதல் கருத்தைக் கேட்கவே ஒருவன் அவ்வளவு தூரம் போக வேண்டுமா?

அம்பேத்கர் படிப்பகம் இருக்கிறது, கிளை நூலகம் இருக்கிறது, பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடம் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். இரண்டு கதை, பத்துப் பேர், ஒரு நோட்டு. சென்னையில் உதவி இயக்குநராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கல்லுடைத்த அப்பாயி மூவரையும் கேட்கும் இடத்தில் உட்கார வையுங்கள். சினிமாவில் நின்றுவிட்ட நம் மாவட்டத்துக்காரர்கள் ஆண்டுக்கு இரண்டு நாள் இதற்காக ஊருக்கு வரட்டும். புதுக்கோட்டை புத்தகத் திருவிழா நடக்கும் நாட்களில் புதிய கதைகளைக் கேட்க ஒரு மாலையை ஒதுக்கித் தரும்படி மாவட்ட நிர்வாகத்திடமும் கேட்கலாம்.

அடுத்த முறை ஒரு தம்பியோ தங்கையோ கதையோடு உங்கள் முன் வந்து நின்றால், சாதியை எடு என்றும் சொல்லாதீர்கள், சண்டையைச் சேர் என்றும் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து, ‘உன் ஆளுக்கு என்ன வேணும்? யார் குறுக்கே நிக்கிறா?’ என்று கேளுங்கள். பதிலை அந்தப் பிள்ளையே எழுதட்டும்.